இரவல் மருமகன்

எண்பதுகளின் கடைசியில், கொழும்பில் கம்ப்யூட்டர் படித்த சான்றிதழோடு தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். மாதம் முடிந்தால் அம்மாவுக்கு ஓய்வு, வேலைப் பதிவில் பெயரை வெட்டிவிடுவார்கள். வீட்டில் யாராவது பெயர் கொடுத்து வேலைக்கு இறங்காவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, விட்டுவிட வேண்டும். அப்பா இல்லை. இருந்தது நான் ஒருத்தி.

"கம்ப்யூட்டர் கொந்தரப்பு ஒண்ணு கெடைச்சிட்டா டவுன்ல ரூம் எடுத்துரலாம்மா."

"என்னா கொந்தரப்பு, புல்லு வெட்டவா?" அம்மா சிரித்தாள். தோட்டத்தில் கொந்தரப்பு என்றால் புல் வெட்டும் ஒப்பந்த வேலைதான். "கெடைக்காட்டி ஒண்ணாந்தேதி கூடையத் தூக்கிட்டுப் பெரட்டுக்கு வந்துரு. காலையில ஆளெடுக்கிறப்ப நீ நிக்கணும்."

கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று கடை கடையாக அலைந்தேன். பதுளை, பண்டாரவளை, வெலிமடை. மூடுபனிக்குள் பஸ், பஸ்ஸுக்குள் நான், எனக்குள் ஒன்றாந்தேதி. மரக்கறி முதலாளி ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "தங்கச்சி, இந்த மிசின் உருளைக்கெழங்கு அழுகுறத நிப்பாட்டுமா?"

"இல்லைங்க."

"அப்ப டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். அதை ஏன் குடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

கடைசியில் எங்கள் தோட்டத்து ஆபீஸ்தான் கூப்பிட்டது. பெரிய கிளாக்கர் சொன்னார்: "எந்தக் காம்பராவுல யாரு இருக்கா, யாரு வேலைக்கு வர்றான்னு தொர கம்ப்யூட்டர்ல கேக்குறாரு. முடியுமா?"

"முடியுங்க." அந்த அவசரத்தில், எதற்கு என்று கேட்க மறந்தேன்.

கொப்பியும் பேனாவுமாக லயம் லயமாக நடந்தேன். ஆபீஸ் ஆள் வந்து கேட்டால் சொல்ல எங்கள் சனங்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். வேலைக்குப் போக ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு மருமகன் இரவலாக வருவான். கேட்டவர் படியிறங்கியதும் தன் வீட்டுக்குப் போய்விடுவான். எதிர்க் காம்பராவில் தனியாக இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, அப்படி ஒரு மருமகனை வைத்துத்தான் காலம் தள்ளினாள். ஆனால் இம்முறை கேட்டது நான்.

"உங்கிட்ட எதுக்குடி மறைக்கணும்? நான் ஒருத்திதான். வேலைய விட்டு ரெண்டு வருசமாச்சு."

உள்ளதை உள்ளபடி எழுதினேன். எனக்கு அதைத்தான் படிப்பித்திருந்தார்கள்.

பதுளையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வாடகைக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக என் லயம் முழுவதும் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பிறகு, கூட வந்திருந்த கிளாக்கர் கேட்டார்: "வேலைக்கு ஆள் வராத காம்பராவ மட்டும் தனியா எடுக்க ஏலுமா?"

அது ஒரு நொடி வேலை. அச்சு இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டே தள்ளிய தாளில் நான்காவது வரி சித்தி. அழித்துவிடலாமென்று விரல் விசைக்குப் போனது. என் கொப்பி கிளாக்கர் கையில் இருந்தது. பிடிபட்டால் கொந்தரப்பும் போகும், ரூமும் போகும், ஒன்றாந்தேதி கூடை. விரலை எடுத்துக்கொண்டேன். தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

காம்பராவை விடச் சொல்லிச் சித்திக்குக் கடிதம் வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "அவ கேட்டா, நான் சொன்னேன்," என்றாள் அம்மாவிடம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பதுளையில் எடுத்த ரூமுக்கு மூன்று பேராகத்தான் போனோம். சித்தியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசியதெல்லாம் சோறு, தண்ணி, சாவி.

சில வாரம் கழித்து வீட்டு விபரம் எழுத கிராம சேவகர் வந்தார். கதவைத் திறந்தேன்.

"எத்தின பேர்?"

நான் வாய் திறப்பதற்குள் சித்தி என்னைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாலு பேருங்க. மருமகன் வேலைக்குப் போயிருக்காரு."

அவர் எழுதிக்கொண்டார். அவர் படியிறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சித்தி உள்ளே போய் நான்காவது கோப்பை ஒன்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.