ரிசீவரில் எரிந்த நீல எழுத்து

நாவற்குடாவில் நாங்கள் இருக்கும் வீடு என் மனைவியின் சீதனம். அதன் முன்னறையில் ரீவி, டிஸ்க் பிளேயர், அதன் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ரிசீவர், சுற்றிவர ஸ்பீக்கர்கள். எல்லாம் வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியவை. அவற்றை நான் என் சொத்தாகவே நினைத்தேன்.

மனைவிக்குச் சீனி வருத்தத்தில் கண் மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. சமையலை மகள் எடுத்துக்கொண்டாள், கோயிலுக்கு யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஒருவரையும் கேட்காமல் அவள் தானாகச் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது பழைய படப் பாட்டுகளைப் போட்டுக் கேட்பதுதான். டிஸ்க்கின் உறைகளில் வேறு வேறு விதமாக நூல் கட்டி வைத்திருந்தாள். டிஸ்க்கைப் போட்டதும் பாட்டுகளின் பட்டியல் திரையில் வரும். றிமோற்றில் அம்புக்குறியை அமத்தும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தங்களை எண்ணித் தனக்கு வேண்டிய பாட்டைப் பிடித்துவிடுவாள். அமத்தியது பிளேயரில் பட்டதா இல்லையா என்று அவளுக்குச் சொல்வது அந்தச் சத்தம்தான்.

டிஸ்க்கில் ஒலி மடித்துக் கட்டிய சேலைபோல இருக்கும். அதை யாராவது விரிக்க வேண்டும். பிளேயரே விரித்து ரிசீவருக்கு அனுப்பலாம், அல்லது கட்டு அவிழ்க்காமல் அனுப்பி ரிசீவரை விரிக்கச் சொல்லலாம். எப்படி விரித்தாலும் சேலை ஒன்றுதான். ஆனால் அந்த ‘டிக்’ டிஸ்க்கின் பாட்டோடு சேர்ந்ததல்ல. பிளேயர் தானே விரிக்கும்போதுதான் அதை இடையில் கலக்க முடியும். மகன் வந்திருந்தபோது பிளேயரே விரிக்கும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஒருநாள் கட்டாரிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் முன்னறையில் படம் பார்த்தார். ரிசீவரின் முகப்பை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சேர், வெறும் பிசிஎம் எண்டு கிடக்கு? என்ட செற்றில எச்டி எண்டு நீலமா எரியும். உங்கட பெட்டிக்கு அது தெரியாதோ?”

நான் பௌதிகவியல் படிப்பித்தவன். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான் என்று ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போனதும் பிளேயரின் செற்றிங்ஸில் பிசிஎம்மை மாற்றி, கட்டு அவிழ்க்காமல் அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் ஆக்கினேன். ரிசீவரில் நீல எழுத்து எரிந்தது. ‘டிக்’ நின்றது.

மறுநாள் மனைவி கூப்பிட்டாள். “இஞ்ச வாங்க, சத்தம் வருகுதில்ல. பெட்டி பழுதா?”

“பழுதில்ல. இப்பதான் சரியா வைச்சிருக்கன்.”

“அப்ப நான் எப்பிடிப் போடுற?”

“என்னைக் கூப்பிடு, போட்டுத் தாறன்.”

“நீங்க எப்ப வீட்ட இருந்தீங்க கூப்பிட?”

சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்ததாக இன்றைக்கும் சொல்லமாட்டேன். பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், ஓய்வுபெற்ற மற்றவர்களோடு வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டிலிருக்கும்போது அவள் பாட்டுப் போடச் சொன்னால், முதலில் ஸ்பீக்கரைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த சண்டைக் காட்சியைப் போடுவேன்.

ஒரு பின்னேரம் திரும்பி வரும்போது படலையிலேயே இசை கேட்டது. பட்டியல் திரையில் வரும் துண்டு இசை. முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடிந்துகொண்டிருந்தது. அவள் டிஸ்க்கைப் போட்டிருக்கிறாள், அதற்கப்பால் போக முடியவில்லை. றிமோற் மடியில் கிடந்தது.

“எவ்வளவு நேரமா இப்பிடி?”

“தெரியா. இதுவும் பாட்டுத்தானே.”

அப்போதாவது மாற்றியிருக்க வேண்டும். ஒரு பாட்டைப் போட்டுக்கொடுத்து, “பின்னால வயலின் கேக்குதா?” என்று கேட்டேன். அவள் ஓம் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாட்டுக் கேட்கவில்லை. பின்வளவில் மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில், ரேடியோவுக்குப் பக்கத்தில் பகல் முழுவதும் இருக்கத் தொடங்கினாள். படுக்க மட்டும் இங்கே வருவாள். கட்டார்க்காரரும் லீவு முடிந்து போய்விட்டார். இத்தனை ஸ்பீக்கருக்கு நடுவில் நான் ஒருவன்தான். ஒரு படத்தையும் முடிவுவரை பார்க்க முடியவில்லை.

போன கிழமை செற்றிங்ஸைப் பழையபடி மாற்றி வைத்தேன். பின்வளவுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

“புள்ள, சத்தம் வருகுது. வந்து பாரு.”

“இப்ப என்னத்துக்கு? யாரும் பாக்க வாறாங்களா?”

“ஒருத்தரும் இல்ல. உனக்குத்தான்.”

வந்தாள். தன் கதிரையில் இருந்துகொண்டு அம்புக்குறியை ஒருமுறை அமத்தினாள். ‘டிக்’ என்றது. காத்திருந்தேன்.

“ஓம், வருகுது,” என்றாள். இன்னொருமுறை அமத்தவில்லை. றிமோற்றை என் பக்கம் நீட்டினாள். “எது எங்க கிடக்கெண்டு மறந்து போச்சு. நீங்க பாருங்க. அங்க மகள் தேத்தண்ணி ஊத்தி வைச்சிருப்பாள்.”

“திரும்பப் பழகலாம். நான் சொல்லித் தாறன்.”

“ஐயோ, வேணாம். அங்க ரேடியோவில போடுறதைக் கேக்கிறன். எனக்குக் காணும்.”

கைபிடிக்க எழுந்தேன். அவள் அதற்குள் சுவரைத் தடவிக்கொண்டு பின்கதவுக்குப் போய்விட்டாள்.