ஆற்றை இதயம்?

எனக்கு இதயம் மாற்றியாயிற்று என்ற செய்தி எங்கள் ஊர் புத்தூருக்கு வந்து சேர்ந்தபோது, ஆள் தப்புவானா என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். ஆற்றை இதயம், யாருடைய இதயம் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

நெல்லியடியில் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன் நான். வருடா வருடம் சந்தையில் ஓர் ஆட்டிதயம் எடுப்பித்து, சைவக்காரன் என்ற கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மேசையில் வெட்டிக் காட்டுவேன். நாலு அறை, நாலு வால்வு, அது ஒரு பம்பு, அவ்வளவுதான் என்பேன். அந்தப் பம்பு எனக்கே பழுதாகிப் பருத்துப்போய்விட்டது. கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் மூன்று தரம் குந்த வேண்டியிருந்தது. மனைவி முன்பே போய்விட்டாள். மிஞ்சியிருந்தது ஒரே மகள், முப்பத்தொரு வயது. நான் கண்மூடுமுன் அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நெஞ்சைப் பிளக்கச் சம்மதித்தேன்.

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அது நடந்தது. விபத்தில் மூளை இறந்த ஒருவருடைய இதயம் என்றார்கள். அதற்குமேல் சொல்வதில்லையாம். இரத்த வகை பொருந்த வேண்டும், உடம்பின் பருமன் பொருந்த வேண்டும், எடுத்ததைக் குளிரில் வைத்து ஏறத்தாழ நாலு மணித்தியாலத்துக்குள் தைத்துவிட வேண்டும். இரத்தக் குழாய்களைத்தான் தைப்பார்கள். அறுந்த நரம்புகளைத் தைப்பதில்லை. இதயத்துக்குத் தானாக அடிக்கத் தெரியும், அதனால் அது ஓடும். ஆனால் மூளை சொல்வது அதற்கு நேரே போய்ச் சேராது. கோபம் வந்தால் முகம் சிவக்கும், கை நடுங்கும், இதயம் மட்டும் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும். கோபத்தில் சுரந்தது இரத்தத்தோடு கலந்து வந்து சேர்ந்த பிறகுதான், சில நிமிடம் கழித்து, அது துள்ளத் தொடங்கும். என்னைப் போன்ற முன்கோபிக்கு இது பெரிய அவமானம்.

புதிய இதயத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்க, காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குளிசை விழுங்க வேண்டும். எங்கள் ஊரைப் போலத்தான் உடம்பும். வந்தவன் ஆர் என்று விசாரிக்காமல் விடாது. குளிசை அந்தக் குணத்தை அமத்திவிடும், கூடவே நோயை எதிர்க்கும் சக்தியையும். ஒரு சளித் தடிமன் போதும் என்னைக் கொண்டுபோக. நான் வீடு திரும்பியதும் இதையெல்லாம் எழுதி மகள் வாசல் கேற்றில் தொங்கவிட்டிருந்தாள். எங்களுடையது படித்த சமூகம் அல்லவா, அத்தனை பேரும் வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கையில் அப்பிள் பையும் பால்மாப் பெட்டியுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள். வருத்தம் பார்க்க வராவிட்டால் குறை நினைப்பேனாம்.

முதல் ஆள் மனைவியின் தமையன். அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக இருந்து பென்சன் எடுத்தவர். ஒரு பைலைத் திறப்பதுபோலத்தான் எதையும் தொடங்குவார்.

"மச்சான், உது சிங்களவன்ரையோ?"

"தெரியாது."

"எங்கடை ஆக்கள் எண்டாலும் ஆர் எவர் எண்டு இருக்கெல்லே. இப்ப மீன் மணந்தால் வாய் ஊறுதோ?"

தோட்டக் கிணற்றுக்கு வேறொருவனின் இறைப்பு மெசினைப் பூட்டினால் தண்ணீர் ருசி மாறுமா என்று கேட்டேன். பாவம், மூளையையும் மாற்றிவிட்டார்களோ என்பதுபோல என்னைப் பார்த்தார். இந்த மனிதரின் கையில்தான் என் மகளின் கலியாணப் பேச்சு இருந்தது. பண்டத்தரிப்பில் சம்பந்தம், மாப்பிள்ளை எஞ்சினியர், சாதகம் பொருந்திவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சினார். சுவரில் இருந்த என் பட்டச் சான்றிதழைப் பார்த்தார். பிறகு செருமினார்.

"பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை, மாஸ்ரர். தாரை வாக்கிறது நீங்களெல்லே, அதுதான். உது ஆற்றை எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொன்னியள் எண்டால் எங்களுக்கும் மனத்திருப்தி."

யாரோ ஒரு தாய், பிள்ளை இனி எழும்பாது என்று தெரிந்த அந்த நேரத்திலும் இதயத்தைத் தரக் கையெழுத்துப் போட்டிருப்பாள். இந்த மனிதருக்கு அவளுடைய குலம் கோத்திரம் வேண்டுமாம். என் காது சுட்டது. இதயம் அசையவில்லை.

"ஓம், விசாரிச்சனான்," என்றேன். "ஆற்றை எண்டு தெரியாதாம். ஆனால் உங்கடை பெடியன்ரை சாதகத்தைவிட நல்லாப் பொருந்தினதாம்."

அவர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். மைத்துனர் செருப்பைக்கூடச் சரியாகக் கொழுவாமல் பின்னால் ஓடினார். கேற் சாத்தும் சத்தம் கேட்டது. நான் வென்றுவிட்டவன்போலக் கதிரையில் சாய்ந்துகொண்டேன். தூ, என்ன சனம்.

மகள் கோப்பைகளை எடுக்க வந்தாள்.

"அண்டைக்கு நீங்களும் உந்தக் கேள்வியைத்தானே கேட்டனீங்கள், அப்பா."

கோபமே இல்லாமல் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன், தன்னோடு வேலை செய்த ஒருவனை அவள் இதே விறாந்தைக்குக் கூட்டிவந்தாள். இதே கதிரையில்தான் அவனும் இருந்தான். "தம்பி ஆற்றை பெடியன்?" என்று நான் கேட்டேன். குருநகர் என்றான், அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போறவர் என்றான், ஒளிக்காமல். நான் குரல் உயர்த்தவில்லை. தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாகக் கதைத்து, கேற்வரை கொண்டுபோய் விட்டேன். அதோடு அந்தக் கதையை வீட்டில் எடுக்க விடவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போய், இதயம் ஒரு பம்பு என்று படிப்பித்திருப்பேன்.

"அந்தத் தம்பி இப்ப எங்கை?"

"மன்னாரிலை. ரெண்டு பிள்ளையள்." மணிக்கூட்டைப் பார்த்தாள். "பத்தாகுது. குளிசையைப் போடுங்கோ."

தண்ணீரும் குளிசையும் தந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அது அடிக்கத் தொடங்கியது, சட்டை அசையும் அளவுக்கு. நான் மூச்சு வாங்குவது கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தபடி மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.

"நூற்றி இருபத்தெட்டு. வந்த ஆக்கள் போட்டினம்தானே அப்பா, இன்னும் அவையிலை என்ன கோபம்?"

"ஓம் பிள்ளை," என்றேன், அவள் முகத்தைப் பாராமல். "அவையிலைதான் கோபம்."