தட்டி கட்டாத மரம்

பனிக்காலம் வந்தால் பத்மா நதிக்கரையில் ஈச்ச மரங்களைச் சீவிப் பானை கட்டுவதுதான் கலிமுத்தீன் சாச்சாவின் பிழைப்பு. முன்பெல்லாம் விடியலில் இறக்கும் முதல் பானைச் சாறு, காய்ச்சாமல், அவர் மனைவி மொர்ஷேதாவுக்குப் போகும். நாலு வருஷம் முன்பு அப்படிக் குடித்தவள் ஒரு வாரத்தில் காய்ச்சலில் விழுந்தாள். கட்டின புருஷனையே அடையாளம் தெரியாமல், காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தாள். இரவில் சாற்றை நக்க வரும் வௌவாலின் எச்சிலில் இருந்த கிருமி என்றார் டாக்டர்.

ஊர்ப் பையன்கள் சேர்ந்து, வௌவால்கள் தொங்கும் ஆலமரத்தை வெட்டக் கிளம்பினோம். நானும் கோடரி எடுத்தேன். சாச்சாதான் குறுக்கே வந்து நின்றார்.

"வௌவாலுக்கு நோவு இல்லடா. கிருமியை உடம்புல வச்சிக்கிட்டு அது பாட்டுக்குப் பறக்குது. மரத்தைச் சீவி வாசம் காட்டுனது நான். பானை கட்டுனதும் நான். என்னை வெட்டுறீங்களா?"

கோடரியைக் கீழே போட்டோம்.

அன்றிலிருந்து சீவின இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடிக் கட்டுகிறார். "என்ன சாச்சா, மரத்துக்கெல்லாம் பாவாடையா?" என்று கேட்டால், "உன் பொண்டாட்டி நல்லா இருக்கணும்னு கட்டுறேன், போடா" என்பார். காய்ச்சாமல் யாருக்கும் ஒரு வாய் கொடுப்பதில்லை.

இந்த வருஷம் ஒரு மரத்தில் மட்டும் தட்டியும் இல்லை, பானையும் இல்லை. சாறு சும்மா வடிந்துகொண்டிருந்தது. மொர்ஷேதா கடைசியாகக் குடித்தது அந்த மரத்துச் சாறுதான்.

"மறந்துட்டீங்களா சாச்சா?" என்றேன்.

"இல்ல. அது வௌவாலுங்களுக்கு." கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ இருந்தப்ப, வந்த யாரையும் பட்டினியா அனுப்புனதில்ல."