நர்ஸம்மா குவார்ட்டர்ஸில் என் அக்கா

எஸ்தர் நர்ஸம்மா இறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் நெஞ்சு வலி என்று ஜீப்பில் ஏற்றினார்கள். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்...

சாப்பாட்டு வரிசையில் வார்டன் அம்மா சொன்னதும் நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

இந்த ரஃப் நோட்டில் இதுவரை சினிமாக் கதையும் கணக்கு சார் மேல் கோபமும்தான் எழுதி, வார்டனுக்குத் தெரியாமல் கை மாற்றியிருக்கிறோம். காலையில் இதை யார் முதலில் எடுத்தாலும் முழுசாகப் படியுங்கள். நீங்கள் எல்லாம் தூங்குகிறீர்கள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் சிம்னி விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, டிஸ்பென்சரியிலிருந்து வந்து சொறி மருந்து போடுகிற நர்ஸம்மாவைத்தான் தெரியும். "அசையாத நில்லுடி கழுதை!" மருந்து எரியும். கூடவே ராகமே இல்லாமல் ஒரு பாட்டு வேறு. "மருந்து பரவால்ல நர்ஸம்மா, பாட்டுதான் தாங்கல" என்று சொன்னதற்கு எனக்கு ரெண்டாம் தடவையும் பூசினார்கள்.

எனக்குத் தெரிந்த நர்ஸம்மா வேறு.

பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனபோது என் அக்கா காளியம்மா என்னிடம் மட்டும் சொன்னாள். மூணு மாசம். புளி ஏலம் எடுக்க மலைக்குக் கீழேயிருந்து வந்த ஆள், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன், திரும்பவே இல்லை.

ஊருக்குத் தெரிந்தால் எங்கள் குடும்பத்தை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் மருந்துக்காரியிடம் கூட்டிப்போய்க் கலைத்துவிட மாமன் நாள் பார்த்திருந்தார்.

"எனக்கு இந்தப் புள்ள வேணும்டி" என்றாள் அக்கா. அதை வேறு யாரும் அவளிடம் கேட்கவில்லை.

சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் என்றாலும், ஹாஸ்டல் ஜெபத்தில் நாமும் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும் இல்லையா? பரீட்சைக்காக, மழைக்காக, அப்பா குடியை விடுவதற்காக... என் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "எங்க அக்கா வயித்துல கீற கொழந்தைக்காக" என்று சொல்லிவிட்டேன். ஏசப்பாவிடம் மட்டும் சொல்வதாக நினைப்பு.

கண்ணைத் திறந்தால் ஹாஸ்டலே என்னைப் பார்க்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூணு பேரும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் வாயால்.

ஆனால் அன்றைக்குக் கடைசி வரிசையில் நர்ஸம்மாவும் இருந்தார்கள். அவர்கள் மட்டும்தான் சத்தமாக ஆமென் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் நடந்தே மலை ஏறி, அக்காவைக் கையோடு தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மாமன் வந்தார். நான் அக்கா கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, எங்க வூட்டுப் பொண்ண நீ இன்னாத்துக்கு வச்சினு கீற? வேதத்துல சேக்கப் போறியா?"

"அவ சாமிய அவ கும்புடட்டும்யா. புள்ளய மட்டும் விடு. அது ஆண்டவர் குடுத்த உசுரு. எடுக்கறதுக்கு நீ யாரு, நான் யாரு?"

வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை நர்ஸம்மா அவர் பக்கம் நீட்டினார்கள். "வா, இதுல காத வச்சிக் கேளு. கேட்டுட்டு அப்புறம் கூட்டினு போ."

மாமன் வாசல் வரைக்கும் பின்வாங்கியே போனார். கரடியைப் பார்த்தால்கூட அந்த மனுஷன் அப்படி நகர மாட்டார்.

ஒரு நாள் நர்ஸம்மா ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்... மருந்துக்காரிகிட்ட போறவங்க எல்லாம் பாவிங்களா நர்ஸம்மா?

இடுக்கியால் ஊசியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்கள்.

"முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. கலைக்கறது கொலைடி, பாவம்டின்னு வேதத்துல கீறத எல்லாம் நல்லா எடுத்துச் சொன்னேன். சொல்லி அனுப்பிட்டேன். இங்கேர்ந்து எங்கடி போவேன்னு நான் கேக்கல. மூணாம் நாளு ரெண்டு உசுரும் போச்சி."

அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். "கொல்லாதன்னு சொல்ற வாயி, வந்து தங்கிக்கன்னும் சொல்லணும். நான் பாதிதான் சொன்னேன்."

அதற்கப்புறம்தான் குவார்ட்டர்ஸில் ரெண்டாவது கட்டில் போட்டார்களாம்.

இப்போது அக்காவுக்கு ஆறு மாசம். இனிமேல் மருந்து கொடுத்தால் அவளும் பிழைக்க மாட்டாள் என்று நர்ஸம்மாவே சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வார்டன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "குவார்ட்டர்ஸைப் பூட்டணும்மா. உங்க மாமாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு வந்து அக்காவை அழைச்சினு போவாரு."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர்ப் பகைக்குப் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம்தான். இந்த மாதிரி ராத்திரிகளில் நான் யாரிடம் போய்ச் சொல்வேனோ, அவர்கள்தான் இன்றைக்கு இல்லை.

நாளைக்கு அடக்கத்துக்குப் பூப்பறிக்கப் போவீர்கள். பூவை அப்புறம் பறித்துக்கொள்ளலாம். முதலில் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா வந்து நில்லுங்க. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வாங்க... உங்கள் மேல் கோபம் இல்லை.

யாரும் வராவிட்டாலும் நான் அங்கேதான் இருப்பேன். அக்கா தனியாக இருக்கிறாள். நோட்டை உங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டு இப்போதே போகிறேன்.

நர்ஸம்மா... போய்ட்டு வாங்க.

கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம்.