இஞ்ஞாசி சுறா பார்க்கப் போன கதை

தூத்தூர்க் கடற்கரையில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. முப்பது வருஷம் சுறா பிடித்துக் குடும்பம் நடத்திய இஞ்ஞாசி, இப்போது காசு கொடுத்து விமானம் ஏறிப் போய்ச் சுறாவைப் பார்த்துவிட்டு மட்டும் வரப்போகிறாராம். பிடிக்கக் கூடாதாம், தொடவும் கூடாதாம். கோயில் முற்றத்தில் சீட்டு விளையாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? அவர் தலை தெரிந்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஏலே இஞ்ஞாசி, சுறாவுக்குப் பலகாரம் ஒண்ணும் கொண்டு போவாண்டாமா? வெறுங்கையோட போவியா?"

இஞ்ஞாசி சிரித்துக்கொண்டே நடந்துவிடுவார். அவருக்குச் சுறாவைப் பார்க்க ஆசை ஒன்றும் கிடையாது. பார்த்த சுறா போதாதா? அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது மகன் ஜெபிஷை. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில், கடலை ஒட்டிய ரிசார்ட்டில் அவனுக்கு வேலை. வருகிற வெள்ளைக்காரர்களுக்கு முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்கடியில் கூட்டிப்போய், புலிச்சுறாவைப் பக்கத்தில் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவான். போன புதிதில் வருஷம் ஒருமுறை வருவேன் என்றான். பிறகு கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றான். கிறிஸ்துமஸ் சமயம்தான் அங்கே கூட்டம் நெரிகிற காலம் என்று பிற்பாடு தெரிந்தது. அம்மா செலினுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதும் வரவில்லை. பணம் மட்டும் தவறாமல் வந்தது. பணம் வருகிற வீட்டில் மகன் வரவில்லை என்று அழுதால் எந்த ஊர் இரக்கப்படும்? செலின் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

"அவன் வராட்டா நாம போவோம்," என்று ஒருநாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் செத்துக் கெடக்கும்ப வந்து என்னத்துக்கு?"

அப்படித்தான் இஞ்ஞாசி மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினார். மேம்பாலத்தின் நிழலில், துணிக்கடைக்கு மேலே ஒரு டிராவல்ஸ். அங்கே பிரீனா என்ற பெண் இருந்தாள். வளைகுடாவுக்கு டிக்கெட் எடுக்கிற கூட்டத்தையே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். சுறா, தீவு, ரிசார்ட் என்று ஒரு கைலிக்காரர் வந்து உட்கார்ந்ததும் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"ஸ்டாஃப் ரூமில சொந்தக்காரங்களைத் தங்க விடமாட்டாங்க அங்கிள். கெஸ்டாப் போனாத்தான் உள்ள விடுவாங்க. போனாலும் உங்க மகன் பகல் முழுக்கக் கடல்லதான் இருப்பாரு. நீங்க ரூம்ல உக்காந்து கடலைப் பாத்துட்டு வரணும்."

"கடலைப் பாக்கவா நான் இம்புட்டுத் தூரம் போறேன்?" என்றார் இஞ்ஞாசி.

அவள் கம்ப்யூட்டரில் தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் ரிசார்ட் காலியாகக் கிடக்கும். அப்போது அறையும் சுறா பார்ப்பதும் சேர்த்து ஒரு பேக்கேஜ் மலிவாகப் போடுவார்கள். தனி அறையைவிட அது ஒன்றும் அதிகமில்லை. அதை எடுத்தால் நீச்சல் சொல்லிக் கொடுக்கவும் கடலுக்குள் கூட்டிப்போகவும் ஒரு ஆளைத் தனியாக ஒதுக்குவார்கள். இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லியும் கேட்கலாம். இறங்கிய இடத்திலிருந்து தீவுக்கு இன்னொரு விமானம் வேண்டாம், சர்வீஸ் படகில் போய்விடலாம். கடல் தெரிகிற அறை வேண்டாம், பின்கட்டு அறை போதும். காலைச் சாப்பாடு கிடைக்கும், மற்றதற்கு அவலும் முறுக்கும் கட்டிக்கொண்டு போகலாம்.

"அப்ப எனக்க மொவனை நான் வாடகைக்கு எடுக்கணும், இல்லியா மக்கா?"

பிரீனா சிரித்தாள். அவரும் சிரித்தார். படியிறங்கி ரோட்டுக்கு வந்தபிறகுதான் அந்தப் பேச்சு அவருக்கே நெஞ்சில் தைத்தது. கொஞ்ச நேரம் ஜூஸ் கடை ஓரத்தில் நின்றுவிட்டுப் பஸ் பிடித்தார்.

அடுத்தமுறை போனபோது பிரீனா பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினாள். புது பாஸ்போர்ட், ஒரு முத்திரை கிடையாது.

"இதுக்கு முன்னால மாலத்தீவு போயிருக்கீங்களா அங்கிள்?"

"இல்ல," என்றார் இஞ்ஞாசி.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். போவது என்றால் பெட்டி கட்டி, சட்டை போட்டு, விமானத்தில் போவது. படகில் சுறாவின் பின்னால் ஓடி, எல்லை தெரியாமல் ஏதோ ஒரு நாட்டுக் கடலுக்குள் நுழைந்து, பிடித்துக்கொண்டுபோய் அடைத்துவைத்தால் அது போவதில்லை, மாட்டிக்கொள்வது. பாதி ஊர் அப்படி எங்கேயாவது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. காய்ச்சல் வந்து போனமாதிரி அதைச் சொல்வார்கள். திரும்பி வந்ததும் கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த படகில் ஏறிவிடுவார்கள். பிரீனாவோ கடலைக் காலண்டரில் பார்க்கிற வீட்டுப் பெண். மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

இஞ்ஞாசி மாட்டிக்கொண்டது மாலத்தீவுக் கடலில்தான். ஜெபிஷுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. அப்பாவோடு அவன் வந்த முதல் பயணம். தூண்டில் கயிற்றை விட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்த நேரத்தில், விடியும்வரை சுக்கானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தார் இஞ்ஞாசி. பையன் கண்ணயர்ந்துவிட்டான். நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. விழித்துப் பார்த்தால் பக்கத்தில் துப்பாக்கியோடு காவல் கப்பல். சுக்கான் யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். பையன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். எங்கள் கரைப் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டிக்கொண்டால் படகில் மூத்தவன் முன்னால் போய் நிற்கவேண்டும். இஞ்ஞாசி போய் நின்றார். "வீலு எனக்க கையிலதான் இருந்து. கண்ணசந்து போச்சு," என்றார். மற்றவர்களைக் கூலியாட்கள் என்று விட்டுவிட்டார்கள். அவரை மட்டும் விரல் ரேகை எடுத்து, மாதக்கணக்கில் அடைத்துவைத்து, பிறகு அனுப்பினார்கள். ஊரிலும் அவர் அதையே சொன்னார். செலினிடமும் அதையே சொன்னார். முதல் பயணத்திலேயே படகைத் தொலைத்தவன் என்று பெயர் எடுத்தால் எந்தப் படகில் அவனை ஏற்றுவார்கள்? அந்த நினைப்புத்தான். ஜெபிஷ் அப்புறம் எந்தப் படகிலும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

பேக்கேஜ் விஷயத்தைச் செலின் ஸ்பீக்கர் போட்டுப் போனில் சொன்னபோது ஜெபிஷுக்குச் சந்தோஷமில்லை.

"மழைக்காலம் அம்மா. கடலு ஒழுங்கா இருக்காது."

"எங்களுக்கு மழை புதுசா மக்களே?" என்றாள் செலின்.

"அப்பாவும் வாறாரா?" என்று கேட்டான்.

"வராம? அவருதான் மார்த்தாண்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடிட்டுக் கெடக்காரு."

பிறகு, "செரி, வாங்க," என்றான். "ஆனா ஒண்ணு. இஞ்ச வந்து சுறா பிடிச்ச கதை ஒண்ணும் பறையாண்டாம். கருவாடும் கொண்டுவராண்டாம். இஞ்ச அது கொலைக்குத்தம் மாதிரி."

சுறாக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காதென்று அழுத பிள்ளை அவன். இஞ்ஞாசி அதையும் விழுங்கிக்கொண்டார். சரி, அவன் சோறு தின்கிற இடம், அவன் சொல்கிறபடி இருப்போம். யாராவது கேட்டால் தென்னந்தோப்பு இருக்கிறது என்று சொல்லலாம் என்று தீர்மானித்தார். இருப்பது வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை.

அந்த வாரங்களில் இஞ்ஞாசியைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. குளச்சல் டாக்டரிடம் காதையும் நெஞ்சையும் காட்டி, சரி என்று எழுதி வாங்கி வந்தார். கடலுக்கடியில் வாயால்தான் மூச்சுவிட வேண்டும் என்று பிரீனா சொல்லியிருந்தாள். மூச்சை அடக்கி முங்கியே பழகியவருக்கு இது பெரிய பாடாக இருந்தது. முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். செலின் அவர் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அவர் வாயைப் பிளந்து மூச்சுவிடுவார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. டிக்கெட் பணத்துக்குச் செலின் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தபோதும் முகம் சிணுங்கவில்லை.

"அவன் எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு அடியில கூட்டிட்டுப் போவான், என்ன?" என்றார் இஞ்ஞாசி. "அப்ப சின்னப்பிள்ளையில அவனை நான் அப்படித்தான் முங்க வச்சேன்."

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, காதடைப்பு விடுவதற்குள் இறங்கியாயிற்று. இதற்கா படகில் அத்தனை நாள் ஓடினோம் என்று இஞ்ஞாசிக்குத் தோன்றியது. வரிசையில் செலின் முன்னால் போனாள். முத்திரை குத்திவிட்டார்கள். இஞ்ஞாசியின் முறை வந்தது. கண்ணாடித் தட்டில் விரல்களை வைக்கச் சொன்னார் அதிகாரி. வைத்தார். அதிகாரி திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இன்னொருமுறை வைக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய் வேறொருவரைக் கூட்டிவந்தார்.

வந்தவர் ஓரளவு தமிழ் பேசினார். அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க முன்னால இங்க வந்திருக்கீங்க."

"அது படகில சார். மாட்டிக்கிட்டது."

"அதுதான். உங்களை விடும்போதே சொல்லியிருப்பாங்க, திரும்ப வரக்கூடாதுன்னு. அடுத்த விமானத்துல நீங்க போயிடணும். அம்மா போகலாம், அவங்களுக்குத் தடை இல்ல."

யாரோ என்னவோ சொன்னார்கள்தான். விடுதலை என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு மனிதன் வேறு எதைக் காதில் வாங்குவான்? பாஸ்போர்ட் புதுசாக இருக்கலாம், விரல் பழையதுதானே. அதே பத்து விரல். இஞ்ஞாசி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்க மொவன் வெளியில நிப்பான் சார். தூரத்தில நின்னு ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

அந்த மனிதர் யாருக்கோ போன் செய்து கேட்டார். ரிசார்ட் பெயர்ப் பலகையோடு ஒரு டிரைவர்தான் வந்திருந்தான். ஜெபிஷ் வரவில்லை.

செலின் தானும் திரும்புகிறேன் என்று நின்றாள். இஞ்ஞாசி அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினார். "ஏட்டி, ஒருத்தராவது பாக்கணும். போ. எனக்காவ நிக்காண்டாம்." முறுக்கு டப்பாவையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சீட்டுக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? பேக்கேஜ் முடியும்வரை அந்த வீட்டில் ஆள் இருப்பதே வெளியே தெரியாது. கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தார். செலின் போன் செய்து, சேர்ந்தேன், நன்றாக இருக்கிறான் என்றாள். அடுத்தடுத்த நாட்களில் அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

அவள் வந்து இறங்கிய அன்று, பையைக்கூடத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அங்க சமையல்காரன் நம்ம பக்கத்துப் பூவாறுக்காரன். நல்ல பையன். மொத நாளே எனக்கக்கிட்ட கேட்டான், ஜெபிஷுக்க அப்பா செத்து எத்தன வருஷமாச்சு அம்மான்னு."

இஞ்ஞாசி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஜெபிஷ் அங்க அப்படித்தான் சொல்லி வச்சிருக்கான். அப்பா இல்லன்னு. நான் அவன்கிட்ட கேட்டேன், பின்ன நீ எப்படிலே அவரையும் வரச் சொன்னேன்னு. வந்தாலும் உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும்னு சொன்னான். வேலைக்குச் சேந்தப்பவே விசாரிச்சு வச்சானாம்."

அந்த "செரி, வாங்க" இஞ்ஞாசியின் காதில் மறுபடி கேட்டது. தெரிந்தேதான் அவரை விமானம் ஏறவிட்டிருக்கிறான். முற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுப் பழகிய நாட்களெல்லாம் அவனுக்குத் தெரியும். செலின் அன்றன்றைக்குப் போனில் சொல்லிச் சிரித்தாளே.

"அவனையும் குத்தம் சொல்ல முடியாது, கேட்டியளா," என்றாள் செலின். மகனை விட்டுக்கொடுக்காத குரல் அது. "சுறா பிடிச்சு செயிலுக்குப் போனவனுக்க மொவன்னு தெரிஞ்சா அவனை அங்க வேலையில வைப்பானுவளா? அன்னைக்கு நீங்க மட்டும் கண்ணசராம இருந்திருந்தா இதொண்ணும் வந்திருக்காது. அவன் இஞ்ச வந்து போயிருப்பான். நீங்க அங்க போயிருப்பிய."

பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். நீலத் தண்ணீருக்குள் முகமூடி மாட்டிய செலின். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிஷ். தூரத்தில் ஒரு சுறா, இஞ்ஞாசி கண்ணுக்குக் குட்டிதான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தடிச்சிருக்கான்," என்றார். பிறகு, "என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டான். வரும்ப படகுத்துறை வரை வந்து தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டான். அப்பா வீலு விஷயம் ஏதாவது சொன்னாராம்மான்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. அது என்ன வீலு விஷயம்?"

இஞ்ஞாசி போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "அன்னைக்கு நான் உறங்கிப் போனதைத்தான் கேக்கான்."