மூன்று தடவை எழுதிய வரி

தொழிற்சாலை அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கரெக்‌ஷன் அக்கா என்றால் வாசலில் நிற்கும் காவலர் வரைக்கும் தெரியும். மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைக் குளிப்பாட்டித் தலைவாரி, நாலு பேர் முன்னால் நிறுத்துகிற மாதிரி ஆக்குவதுதான் இருபத்தாறு வருடமாக அவருடைய வேலை.

தலைமை அலுவலகத்துப் பெரிய மனிதர்களுக்கு நம் மொழி தெரியாது. ஒவ்வொரு பிரிவும் வாராவாரம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும். அக்கா அதைத் திருத்தி, தட்டச்சு செய்து அனுப்புவார். யாராவது "ரிட்டர்ன் பேக்" என்று எழுதிவிட்டால் தொலைந்தார். "ரிட்டர்ன்னாலே திரும்பி வர்றதுதான். அப்புறம் எதுக்கு இன்னொரு பேக்? எத்தனை தடவைதான் திரும்பி வருவே?" என்று வாங்குவாங்கென்று வாங்குவார். மேலாளர் ஒருவர் ஓய்வு பெற்றபோது படித்துக் கொடுத்த வாழ்த்து மடலில் இரண்டு இடத்தைச் சிவப்பு மையால் சுழித்து அவர் கையிலேயே கொடுத்த புண்ணியவதி.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வயதில் முதல் நேர்முகத் தேர்வில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அக்காவின் காதை விட்டுப் போகவேயில்லை. தன் கையைத் தாண்டிப் போகிற எதையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தவர், அதைக் கடைசி வரை பிடித்துக்கொண்டார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்?

பாய்லர் அறையைப் பார்த்துக்கொண்டவனை அக்கா தம்பி என்றே கூப்பிடுவார். முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். சனிக்கிழமை மதியம் கையெல்லாம் கரியோடு தன் அறிக்கைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவான். அக்கா சுழிக்கச் சுழிக்கப் பக்கத்திலேயே நிற்பான்.

"எத்தனைக்கா இந்த வாரம்?"

"பதினாலு."

"போன வாரம் பதினேழு. பாத்தீங்களா, தேறிட்டேன்!"

எண்ணிக்கையைத் தாளின் மூலையில் எழுதி, பழைய கோப்பு ஒன்றில் சேர்த்து வைப்பார். வருடக் கடைசியில் மொத்தத்தையும் எடுத்துக் காட்டி அவனை ஒரு வழி பண்ண வேண்டும் என்று ஆசை.

ஒரு சனிக்கிழமை அவன் சிரிக்காமல் வந்தான். வழக்கமாகப் பத்து வரி எழுதுகிறவன் அன்று ஆறே வாக்கியம் எழுதியிருந்தான். நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய வால்வு ஒட்டிக்கொள்கிறது என்பது விஷயம். அதை மூன்று தடவை எழுதியிருந்தான்.

"தம்பி, ஒரே விஷயத்தை மூணு தடவை எழுதினா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு தடவை சொன்னாப் போதாதா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சரிக்கா. நீங்க பாத்து எழுதுங்க. மேல போய்ச் சேர்ந்தாச் சரி."

அக்கா பார்த்து எழுதினார். பாதுகாப்பு வால்வை வசதிப்படும்போது கவனிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம் என்ற பொருளில், அப்பழுக்கில்லாத ஒரே ஆங்கில வரி. மற்ற பிரிவுகள் பல்புகளும் கையுறைகளும் கேட்ட வரிகளுக்குக் கீழே அது அடக்கமாகப் போய் உட்கார்ந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும், பாய்லர் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை, டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் பாய்லர் வெடித்தது. கூட இருந்த இரண்டு பேரை வெளியே போகச் சொல்லிவிட்டு, வால்வைக் கையால் திறந்துவிடலாமென்று தம்பி மட்டும் கிட்டே போனானாம். அவன் திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அவன் மனைவி அக்காவைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்.

"அக்கா, வேலை நேரத்துல அவர் தூங்கிட்டாரு, அதனாலதான் வெடிச்சுதுன்னு கம்பெனில எழுதப் போறாங்களாம். கூட இருந்த ரெண்டு பேரும் வேலை போயிடும்னு பயந்து வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. அவர் எதையுமே அவசரம்னு எழுதிக் கொடுக்கலயாம். ஸ்கூல்ல பொண்ணுகிட்டக் கேக்குறாங்க, உங்கப்பா தூங்கினதாலயா வெடிச்சுதுன்னு. அவர் தூங்குற ஆளாக்கா?"

அவள் போனதும் அக்கா தம்பியின் தாள்கள் இருந்த பழைய கோப்பை எடுத்தார். கடைசித் தாளை உருவி, மூன்று தடவை எழுதியிருந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"டைப் பண்ணதை மட்டும் குடுத்துட்டு வாங்கக்கா. கையால எழுதினதை யாரும் கேக்கல. ரிட்டயராக எட்டு மாசம்தானே இருக்கு?"

மறுநாள் விசாரணை அதிகாரி தட்டச்சுத் தாளைப் படித்துவிட்டு, "இதுல அவசரம் எங்க இருக்கு?" என்று கேட்டார். மேலாளர் தலையாட்டினார். அக்காவை யாரும் குற்றம் சொல்லவில்லை. பேசாமல் எழுந்து வந்திருக்கலாம்.

"அது நான் எழுதினது சார். அந்தத் தம்பி எழுதினது இது" என்று கோப்பைப் பிரித்தார்.

படிக்கச் சொன்னார்கள். "வால்வ் இஸ் நாட் ஓப்பனிங். ஐ ஆம் டெல்லிங் லாஸ்ட் வீக் ஆல்சோ…" மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். அக்கா நிறுத்தினார். சிரித்தவரின் முகம் இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

"வால்வ் இஸ் நாட் ஓப்பனிங். ஐ ஆம் டெல்லிங் லாஸ்ட் வீக் ஆல்சோ. டுடே இட்செல்ஃப் யூ கம் அண்ட் ஸீ. வால்வ் இஸ் நாட் ஓப்பனிங். மென் ஆர் வொர்க்கிங் நியர். வால்வ் இஸ் நாட் ஓப்பனிங்."

வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு சொல்லையும் மாற்றாமல் படித்தார்.

"ஏன் மாத்தினீங்க?" என்றார் அதிகாரி.

"தப்பா இருக்குன்னு நினைச்சேன் சார்."

அதிகாரி அந்தத் தாளை வாங்கி விசாரணைக் கோப்பில் சேர்த்தார். தூங்கிவிட்டான் என்ற பேச்சு அதோடு அடங்கியது. மேலாளர் அதன்பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே நடையில் தம்பியின் மனைவி காத்திருந்தாள். அக்கா தாளின் நகலை அவளிடம் கொடுத்தார். அவள் புருஷனின் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"இந்த வட்டமெல்லாம் என்னக்கா?"

"நான் போட்டதும்மா. அவர் எழுதினதுல தப்பு இருக்குன்னு."

அவள் தலையசைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

"அந்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நிம்மதியாச் சாப்பிட்டாரு. அக்கா பாத்துட்டாங்க, இனி கவலையில்ல, நான் எழுதினது மேல போயிடும்னு சொன்னாரு."

அக்கா நகலில் இருந்த தன் வட்டங்களைப் பார்த்தார்.

"அதை நான் அனுப்பலம்மா" என்றார்.