சுவரில் இருந்த அம்மா

அடையாறில் ஒரு மாடி வீட்டில் எங்கள் தொண்டு நிறுவனம் இருக்கிறது. மனநோய் குணமான பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் மருத்துவமனையிலேயே வருடக்கணக்கில் கிடப்பவர்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அரசுக்கு மனு மேல் மனு கொடுப்போம். அவர்களுடைய குடும்பங்களைத் தேடிப் போவது என் வேலை.

அப்படித்தான் ஓர் அம்மாளின் வீட்டைத் தேடிப் போனேன். பெண் குழந்தை பெற்ற பத்தாம் நாள் புத்தி கலங்கியதால் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோய் எப்போதோ அடங்கியிருந்தது.

"எந்தம்பி கீறான்மா. சொன்னா ஓடியாந்துடுவான்" என்று மயிலாப்பூர் கால்வாயோரத்து விலாசத்தைக் கொடுத்தார்.

அங்கே குடிசைகளே இல்லை. எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று முறை அலைந்து தம்பியைக் கண்டுபிடித்தேன். அக்கா பேரைச் சொன்னதும் வாசலை மறித்து நின்றார். அவர் தோளுக்கு மேலே சுவரில் ஒரு படம் தெரிந்தது. பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு விளக்கு. முந்தின நாள் என்னோடு பேசிய அதே முகம், இளமையாக.

"அம்மா செத்துட்டான்னு சொல்லித்தான் அவ பொண்ண வளத்தோம் மேடம். அடுத்த மாசம் கல்யாணம். இப்ப போய்..." என்று கும்பிட்டார்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து, "யாரு மாமா?" என்றாள்.

"கணக்கெடுக்க வந்துகீறாங்க."

அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். என் நம்பரை மட்டும் தம்பியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"வீடெல்லாம் இடிச்சிட்டாங்க. யாரும் கிடைக்கல" என்று வார்டில் சொன்னேன்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "எந்தம்பி எளைச்சிக்கீறானா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன், யோசிக்காமல். அவர் தலையாட்டிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போனார்.

திருவான்மியூரில் வாடகைக்கு வீடு பிடித்து அவரையும் வேறு இரண்டு பெண்களையும் குடிவைத்தோம். அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு கண்ணுக்குள் எரியும். உயிரோடு இருப்பவர் கையால் காபி வாங்கிக் குடிப்பேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் தம்பி போன் செய்தார். "பொண்ணுக்குக் கொழந்த பொறந்துகீது மேடம். ஒரு வாரமா தூங்கல. யாரோ கூப்புடறாங்கன்றா. இவளையும் உள்ள போட்ருவாங்களா?"

ராயப்பேட்டையில் தெரிந்த மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று அவர் கேட்டார். தம்பி தரையைப் பார்த்தார். "இவங்கம்மாவுக்கு" என்றார் கடைசியில். "உயிரோடதான் கீது."

இந்த முறை யாரையும் பூட்டி வைக்கவில்லை. மாத்திரை, தூக்கம், பக்கத்திலேயே ஆள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் தேறினாள். பிறகு ஒருநாள், "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று என்னைக் கேட்டாள். தலையாட்டினேன்.

அந்த அம்மாளிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டு, குழந்தையோடு அவளைத் திருவான்மியூருக்கு அழைத்துப்போனேன். அந்த அம்மாள் சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகள் குழந்தையை நீட்டினாள். அவர் மகளைப் பார்க்கவில்லை.

"தூக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார், வார்டில் வெளியே போக அனுமதி கேட்பதைப் போல.